வெயிட்டிங் சார்ஜ்

2024 அக்டோபர் 11, ஆயுத பூசை நாள். மாலை 5.40 மணி வாக்கில் திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. எரிபொருளைத் தீர்த்து எடையைக் குறைத்த பிறகே தரையிறங்க முடியும் என்ற நிலையில், அது சுமார் இரண்டரை மணி நேரம் வானத்திலேயே வட்டமடித்தது. உள்ளே 140க்கும் மேற்பட்ட பயணிகள். கீழே ஆம்புலன்சுகளும் தீயணைப்பு வண்டிகளும் வரிசையாக நின்றன. தமிழ்நாடே தொலைக்காட்சி முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரவு எட்டேகால் மணி வாக்கில் விமானம் பத்திரமாக இறங்கியது. விமானிகளை எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான்.

அந்த இரண்டரை மணி நேரத்தையும் நாடு நிமிடம் நிமிடமாக எண்ணியது. திருச்சி–சார்ஜா விமானத்தில் எப்படிப்பட்டவர்கள் ஏறுவார்கள் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கட்டட வேலை, குழாய் வேலை, துப்புரவு, ஓட்டுநர், வீட்டு வேலை. இந்த ஒரு சீட்டுக்காக அவர்கள் ஏஜென்ட் வீட்டு வாசலில் எத்தனை நாள் நின்றிருப்பார்கள், மெடிக்கலுக்கும் விசாவுக்கும் எத்தனை மாதம் அலைந்திருப்பார்கள் என்று எந்தத் தொலைக்காட்சியும் எண்ணவில்லை. காத்திருப்பதில் எது கணக்கில் வருகிறது, எது வருவதில்லை என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் பேச நினைக்கிறோம். அதைப் பேச ஒரு விமான நிலையத்தைவிட நல்ல இடம் இல்லை.

தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 ஜனவரியில் சுகோய் போர் விமானங்களின் படைப்பிரிவே அங்கே வந்து அமர்ந்தது. ஆனால் கூலிக்குப் போகிறவர் ஏற வேண்டிய விமானம் திருச்சியில்தான் நிற்கிறது. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, புதுக்கோட்டை என்று சுற்றுப்பட்ட மாவட்டங்களின் வெளிநாட்டு வாசல் அதுதான். 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்த புதிய முனையத்துக்கு 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவானது. கோபுரமும் கோலமும் வண்ண ஓவியங்களுமாகப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

கட்டடத்துக்கு வெளியே வந்து பாருங்கள். ஒருவரை வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆள் வந்திருக்கும். பாட்டி, அத்தை, கைக்குழந்தையோடு மனைவி, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பிள்ளைகள். அட்டைப்பெட்டியை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பெயரையும் ஊரையும் மார்க்கரில் எழுதியிருப்பார்கள். டிக்கெட் இல்லாதவர் வாசலைத் தாண்ட முடியாது. எடை கூடிவிட்டது என்று கவுன்ட்டரில் சொன்னதும், உள்ளே போனவர் பொடி டப்பாவையும் ஊறுகாயையும் எடுத்துக்கொண்டு திரும்ப வாசலுக்கு ஓடிவருவார். விமானம் தாமதம் என்றால் இந்தக் குடும்பமும் நகராது. ‘ஏறிட்டேன்’ என்று போன் வரும்வரை பிளாட்பாரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும்.

அந்தக் கூட்டத்தில் வேன் ஓட்டுநர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் வெயிட்டிங் சார்ஜ். அவர் கேட்பதில் தப்பே இல்லை. அவருடைய நேரம், அவருடைய வண்டி. ஆட்டோக்காரரும் கேட்பார். வக்கீலும் வேறு விதத்தில் கேட்பார். கண்டெய்னர் லாரி துறைமுகத்தில் நின்றால் அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. காத்திருப்புக்கு விலை உண்டு என்பதை இந்த நாட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டாகிவிட்டது. அந்த விலையைக் கேட்க யாருக்கு வாய் இருக்கிறது என்பதில்தான் சாதியும் வர்க்கமும் உள்ளே நுழைகின்றன.

எங்களில் நான்கு பேர் ஜொகூர் பாருவில் தோழர்கள் நடத்திய ஒரு கூட்டத்துக்காகச் சிங்கப்பூர் விமானத்தில் போக வேண்டியிருந்தது. இந்திய நிறுவனம் ஒன்றின் விமானம். எல்லாச் சோதனையும் முடித்து உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, தாமதம் என்றார்கள். முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு. காரணம் சொல்லவில்லை. அறிவிப்பும் அவசரமாக வந்து போனது. பாதிப் பேருக்குப் புரியவில்லை. ஆனால் யாரும் எழுந்திருக்கவுமில்லை. செல்போன் சார்ஜ் போடும் இடத்தைச் சுற்றிக் கூட்டம். சிலர் தரையில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓடுதளம் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது.

தாமதத்துக்கு விதி இருக்கிறது. தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, 2010-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்து பின்னர் சில முறை திருத்திய விதி அது. நீங்கள் சரியான நேரத்துக்கு வந்து செக்-இன் செய்திருக்க வேண்டும். பறக்கும் நேரம் இரண்டரை மணி வரை உள்ள பயணம் என்றால் 2 மணி நேரத் தாமதத்துக்கும், இரண்டரையிலிருந்து ஐந்து மணி வரை என்றால் 3 மணி நேரத் தாமதத்துக்கும், மற்றவற்றில் 4 மணி நேரத் தாமதத்துக்கும் நிறுவனம் உணவும் சிற்றுண்டியும் கொடுக்க வேண்டும். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். 24 மணி நேரத்தைத் தாண்டினாலோ, இரவு 8 மணிக்கும் விடிகாலை 3 மணிக்கும் இடையில் கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ தங்கும் விடுதி கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தனியாகப் பண இழப்பீடு கிடையாது. அது விமானம் ரத்தாகும்போதும், டிக்கெட் இருந்தும் ஏற்ற மறுக்கும்போதும்தான். வானிலை, பாதுகாப்புச் சிக்கல் என்று நிறுவனத்தின் கையை மீறிய காரணமென்றால் அதுவும் இல்லை.

சிங்கப்பூர்ப் பயணம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். மூன்று மணி நேரத் தாமதம் தாண்டியதும் எங்களில் இருவர் எழுந்து போய்க் கேட்டோம். ‘மேலே கேட்டுச் சொல்றேன் சார்’ என்றார் கவுன்ட்டரில் இருந்த இளைஞர். அவரும் ஒப்பந்தத் தொழிலாளியாகத்தான் இருக்க வேண்டும். அவர்மீது எங்களுக்குக் கோபமில்லை. விதியைச் செல்போனில் எடுத்துக் காட்டினோம். அரை மணி நேரத்தில் அட்டைப்பெட்டிகளில் உணவுப் பொட்டலங்கள் வந்தன. எல்லோருக்கும்தான் வந்தன. ஆனால் இருபது பேர்தான் எழுந்து போய் வாங்கினார்கள்.

பக்கத்து இருக்கையில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரர் ஒருவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்களில் இளையவரிடம் மெல்லக் கேட்டார்:

“தம்பி, இதுக்கு எவ்ளோ காசு?”

“காசு இல்லண்ணே. லேட்டானா அவங்க குடுக்கணும். சட்டம் இருக்கு.”

“நாங்களும் கேக்கலாமா?”

டிக்கெட் அவர் கையில் இருக்கிறது. நாங்கள் கொடுத்த அளவு பணத்தை, ஒருவேளை எங்களைவிட அதிகமாகவே, அவரும் கொடுத்திருக்கிறார். பதினோரு வருசமாகப் போய்வந்துகொண்டிருக்கிறாராம். எத்தனையோ முறை விமானம் தாமதமாகியிருக்கிறது. ‘முறுக்கு டப்பாவத் தெறந்து ஆளுக்கு ரெண்டு தின்னுட்டுப் படுத்துக்குவோம் தம்பி’ என்றார். வெளிநாட்டில் கிரேன் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிற மனிதர். உயரத்துக்குப் பயமில்லை. ஒரு கவுன்ட்டருக்குப் போய்க் கேட்பதற்கு மட்டும் அனுமதி கேட்கிறார்.

அந்த ‘கேக்கலாமா’ எங்கிருந்து வருகிறது என்று டெல்டாவின் பிள்ளைகளுக்குத் தெரியும். இந்த மண்ணில் கேட்டதற்கான தண்டனைகளுக்கு ஒரு பட்டியலே இருந்தது. பண்ணையாள் வேலைக்குப் பிந்தி வந்தால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். 1940களில் பி. சீனிவாசராவும் அவரோடு நின்ற சேரி மக்களும் செங்கொடிச் சங்கம் கட்டிப் போராடித்தான் அந்தக் கொடுமைகளுக்கு முடிவு கட்டினார்கள். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்தது. அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை வைத்து எரித்தார்கள். அவர்கள் கேட்டது கூலியில் கூடுதலாக அரைப்படி நெல்.

அந்தக் காலத்துக் காத்திருப்பைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அறுத்து, கட்டு சுமந்து, அடித்துத் தூற்றி முடித்த பிறகும் கூலி கைக்கு வராது. பண்ணையார் களத்துக்கு வரவேண்டும். அவர் சாப்பிட்டு, படுத்து எழுந்து வருவார். அதுவரை நெல்லுக்குப் பக்கத்தில் நிற்கலாம், தொடக்கூடாது. வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டுமென்றால் கொல்லைப்புறம். கூப்பிட்டால் குரல் கொடுக்கலாம், கூப்பிடாமல் குரல் கொடுக்கக்கூடாது. அப்படி நின்ற மணி நேரங்களை எந்தப் பண்ணைக் கணக்குப்பிள்ளை எந்த ஏட்டில் எழுதினார்?

அது பழைய கதை என்பவர்களுக்கு, நேற்றைய கதை ஒன்று. 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ நிறுவனம் ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்தது. விமானிகளின் ஓய்வு நேரத்தைக் கூட்டிப் புதிய விதிகள் வந்திருந்தன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்திருந்தது. அதற்குத் தக்கபடி நிறுவனம் ஆள் ஏற்பாடு செய்துகொள்ளவில்லை. (தூக்கமில்லாத விமானி ஆபத்து என்று சட்டம் போட்டது மிகச் சரி. தூக்கமில்லாத லாரி ஓட்டுநரும் இரவு முழுக்கக் கழிவுநீர் லைனில் நிற்கும் துப்புரவுத் தொழிலாளியும் அந்தப் பட்டியலில் எப்போது வருவார்கள் என்று தெரியவில்லை.) விமான நிலையங்களில் பெட்டிகள் மலைபோல் குவிந்தன. செய்தி சேனல்கள் நாள் முழுக்கக் காட்டின. சில நாட்களிலேயே ஒன்றிய அரசு இறங்கி வந்தது. கட்டணத்துக்கு உச்சவரம்பு போட்டது. பயணிகளின் பணத்தைத் திருப்பித் தரத் தேதி குறித்தது.

ஒன்றிய அரசால் இவ்வளவு வேகமாக நகர முடியும் என்பது நமக்குத் தெரிய வேண்டிய செய்திதான். ஏனென்றால் அதே ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் நூறு நாள் வேலைக்காரர்கள் மாதக்கணக்கில் கூலிக்குக் காத்திருந்தார்கள். ஒன்றிய அரசு தர வேண்டிய நிலுவை 4,034 கோடி ரூபாய் என்று மார்ச் மாதத்தில் ஆளுங்கட்சியே மாநிலம் முழுக்கப் போராட்டம் நடத்தியது. டெல்டாவின் ஏரிக்கரையிலும் வாய்க்கால் கரையிலும் மண்வெட்டியோடு நிற்பவர்களில் நம் தாய்மார்களே அதிகம் என்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம்.

அவர்களுக்கும் வெயிட்டிங் சார்ஜ் எழுதி வைத்திருந்தார்கள். 2005-ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அது இருந்தது. வருகைப்பதிவு முடிந்து 15 நாட்களுக்குள் கூலி வர வேண்டும். 16-ஆம் நாளிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும், வராத கூலியில் 0.05 சதவீதம் இழப்பீடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025–26-இல் தமிழ்நாட்டின் தினக்கூலி 336 ரூபாய். ஆறு நாள் வேலை செய்தால் 2,016 ரூபாய். அதில் 0.05 சதவீதம் ஒரு ரூபாய். ஒரு முழு நாள் காத்திருந்ததற்கு ஒரு ரூபாய்!

2025 பிப்ரவரியில் சென்னை விமான நிலையத்தில் மலிவு விலைக் கடை ஒன்று திறந்தார்கள். உடான் யாத்ரி கஃபே என்று பெயர். அங்கே ஒரு டீ 10 ரூபாய். விமான நிலையத்தில் பத்து ரூபாய்க்கு டீயா என்று எல்லோரும் வாயைப் பிளந்தோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் ஊர் அம்மா அந்த டீயைத் தன் காத்திருப்புக் காசில் குடிக்க வேண்டுமென்றால் பத்து நாள் கூலி தாமதமாக வேண்டும். அந்த ஒரு ரூபாயையும் கேட்டு வாங்கியவர்கள் எங்களுக்குத் தெரிந்த கிராமங்களில் ஒருவர்கூட இல்லை.

விமானத்துக்கு இரண்டு மணி நேரத்தில் உணவு கொடுத்தது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த விதியை எழுதியவர்கள் ஒரு விசயத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்: காக்க வைப்பதும் ஒரு பாதிப்புதான், காக்க வைத்தவர்தான் அதற்குப் பொறுப்பு, பொறுப்பைக் கடிகாரத்தை வைத்து அளக்கலாம். இதை விமான நிலைய வாசலுக்கு வெளியேயும் கொண்டுபோக வேண்டும் என்கிறோம்.

வெளியே சட்டமே இல்லை என்று சொல்லவும் முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதத்துக்குள் முடிந்தவரை வழக்கை முடிக்கச் சொல்கிறது. விதிகள் விசாரணைக்கு 60 நாள் கெடு வைக்கின்றன. கெடு தாண்டினால் என்ன ஆகும்? கவுன்ட்டரில் யாரும் பொட்டலம் நீட்டுவதில்லை. அதே புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலில், 2022 டிசம்பரில், நம் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஊர் காத்திருந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை கொடுத்தது. அதில் குற்றவாளிகளாகக் காட்டப்பட்ட மூன்று பேரும் பாதிக்கப்பட்ட அதே ஊரின் தலித் இளைஞர்கள். ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே கெடு என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் சொன்னோம்.

விமான விதியே தொடாத காத்திருப்பும் உண்டு. 2024 மே மாதத்தில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஊழியர்கள் கூட்டமாக நோய் விடுப்பு எடுத்தபோது பல விமானங்கள் ரத்தாயின. திருவனந்தபுரத்திலிருந்து மஸ்கட் போக டிக்கெட் எடுத்திருந்த ஒரு பெண். அங்கே கணவர் மருத்துவமனையில் இருக்கிறார். விமானம் ரத்து. சில நாட்களில் கணவர் இறந்துவிட்டார். கடைசிவரை அவரால் போய்ப் பார்க்க முடியவில்லை. டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது, மாற்று விமானம் தருவது என்று விதியில் இருப்பதெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லக்கூடிய சொற்களா? ஊழியர்கள் விடுப்பு எடுத்ததற்கும் நியாயங்கள் இருந்தன. ஆனால் வளைகுடா விமானம் ஒன்று ரத்தாவது ஒரு சுற்றுலா கெடுவது போன்றது இல்லை. விசா தேதி போகும், வேலையில் சேரும் தேதி போகும், லீவு முடிந்து வரவில்லை என்று சம்பளம் போகும். திருச்சியில் சரக்குப் பகுதி வாசலில் பெட்டியில் வரும் உடலுக்காக ஆம்புலன்சோடு நிற்கும் குடும்பங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர்கள் எந்தத் திரையிலும் தாமதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. யாரோ ஒருவர் வெளியே வந்து சொல்ல வேண்டும்.

இந்த மண்ணிலிருந்து போனவர்கள் விமானம் வருவதற்கு முன்பும் காத்திருந்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் போன காலத்தில், மலேயாத் தோட்டங்களுக்குக் கங்காணி திரட்டிய ஆட்களை நாகையிலும் ஆவடியிலும் முகாம்களில் அடைத்து வைத்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களுக்கு மண்டபம் முகாம். நோய்த் தடுப்பு என்ற பெயரில் நாட்கணக்கில் தங்க வைத்து, மருந்து தெளித்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். கடல் தாண்டினால் அங்கேயும் ஒரு முகாம். பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவில் இறக்கி மறுபடி காக்க வைத்தார்கள். ரஜூலா கப்பலைப் பற்றி இன்றும் பெரியவர்கள் பாசத்தோடு பேசுவார்கள். 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் சுமார் அரை நூற்றாண்டு நம் மக்களைச் சுமந்தது. அதன் டெக்கில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களில் நம் சேரிகளிலிருந்து போனவர்கள் ஏராளம். பண்ணையிலிருந்து தப்பிக்க அன்று அவர்களுக்குக் கடல்தான் வழியாக இருந்தது.

முகாம் இன்று பாஸ்போர்ட்டுக்குள் வந்துவிட்டது. 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின்படி, பெரும்பாலும் பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ‘ஈசிஆர்’ என்று இருக்கும். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி அவர்களுக்கு வேண்டும். ஏமாற்றுக்காரர்களிடமிருந்து தொழிலாளியைக் காப்பதற்கான ஏற்பாடு இது, நோக்கம் நல்லது. ஆனால் பத்தாவது தேறாதவர் யார் என்று கேளுங்கள். அறுவடைக் காலத்தில் பள்ளியிலிருந்து நின்றது யார் பிள்ளை? வகுப்பறையின் கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்டது யார் பிள்ளை? 2018 ஜனவரியில் ஒன்றிய அரசு ஒரு படி மேலே போய், ஈசிஆர் பாஸ்போர்ட்டுகளுக்கு ஆரஞ்சு நிற அட்டை போடப்போவதாக அறிவித்தது. வரிசையில் நிற்கும்போதே தூரத்திலிருந்து தெரிந்துவிடும், இவர் படிக்காதவர் என்று. கடும் எதிர்ப்பு வந்ததும் அந்த மாத முடிவிலேயே கைவிட்டார்கள். ஒரு மனிதரின் நிலையை நிறத்தில் எழுதிக் கையில் கொடுக்கும் யோசனை எத்தனை எளிதாக ஒரு அலுவலகத்தில் பிறந்துவிடுகிறது!

அண்ணல் அம்பேத்கர் 1930களின் நடுவில் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1990-இல் வெளியான சிறு நூலின் தலைப்பே காத்திருப்பைப் பற்றியதுதான்: ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’. அதன் முதல் நிகழ்ச்சி 1901-இல் நடக்கிறது. சிறுவன் பீமராவ், அண்ணனோடும் அக்கா வீட்டுப் பிள்ளைகளோடும், கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க ரயிலில் போகிறான். மசூர் நிலையத்தில் இறங்கிக் காத்திருக்கிறார்கள். வருவதைச் சொல்லிப் போட்ட கடிதத்தைச் சேவகர் அப்பாவிடம் கொடுக்க மறந்துவிட்டதால் யாரும் வரவில்லை. நல்ல உடுப்பில் நின்ற பிள்ளைகளிடம் நிலைய அதிகாரி முதலில் அன்பாகத்தான் பேசுகிறார். நாங்கள் மகர் என்று சொன்ன நொடியில் முகம் மாறி விலகிப் போகிறார். வண்டிக்காரர்கள் யாரும் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டை வாடகைக்கு ஒருவர் சம்மதிக்கிறார், பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார் என்ற நிபந்தனையோடு. சாப்பாடு கையில் இருந்தும் அன்று இரவு குடிக்கத் தண்ணீர் கிடைக்காததால் பசியோடு படுக்கிறார்கள்.

இந்த நூலைப் பரிந்துரைக்கும்போது மாணவர்களிடம் நாங்கள் சொல்வது ஒன்று: இது மிகச் சிறியது, இரண்டு மணி நேர விமானத் தாமதத்துக்குள் படித்து முடித்துவிடலாம். பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிட்டிங் சார்ஜ் இங்கே எந்தப் பக்கம் பாய்கிறது என்றும் கவனியுங்கள். காக்க வைக்கப்பட்ட குழந்தைகள்தான் இரட்டிப்பாகக் கொடுக்கிறார்கள்.

படித்து முடித்துவிட்டால் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசுங்கள். செல்போனில் ரீல்ஸ் பார்ப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை, நாங்களும் பார்த்தோம். ஆனால் மூன்று மணி நேரம் ஒரே இடத்தில், தலைக்கு மேல் ஃபோர்மேனோ முதலாளியோ இல்லாமல், நூற்றைம்பது தொழிலாளர்கள் உட்கார்ந்திருக்கும் இடம் வேறெங்கே கிடைக்கும்? சங்கம் கட்டப் போனவர்கள் அந்தக் காலத்தில் இரவில் சேரிக்குள் ஒளிந்து போக வேண்டியிருந்தது. இங்கே ஏசி அறையில் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

திருத்துறைப்பூண்டி அண்ணனிடமும் அவரோடு இருந்த ஏழெட்டுப் பேரிடமும் அன்று நாங்கள் பேசியதைச் சொல்கிறோம். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்று சொன்னோம். சிரித்துவிட்டார்கள். அவர்கள் கொடுத்த தொகைகளை இங்கே எழுதினால் அவர்களுக்குச் சிக்கல் வரும், எழுதவில்லை. அதில் எத்தனை வட்டிக்கு வாங்கியது என்று ஒருவர் விரல் மடக்கிச் சொன்னார். ஈசிஆர் பாஸ்போர்ட்டில் போகிறவருக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம் என்பதையும், இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியத்தில் விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை உண்டு என்பதையும் சொன்னோம். வளைகுடாவில் முன்பு இருந்த இருவருக்கு அந்தக் காப்பீடு எடுக்கப்பட்டிருந்ததா என்றே தெரியவில்லை. பாலிசித் தாளை ஏஜென்ட் கொடுத்ததில்லை. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்பதையும் அங்கேதான் முதலில் கேட்டார்கள்.

ஒருவர் மட்டும் எதிர்க் கேள்வி கேட்டார். ‘இதெல்லாம் எழுதி வெச்சிருக்கான் சரி. நான் கேட்டா அடுத்த தடவ என்னை ஏத்துவானா?’ அந்தக் கேள்விக்கு எங்களிடம் சுலபமான பதில் இல்லை. விமானக் கவுன்ட்டரில் கேட்பதற்குப் பயப்படத் தேவையில்லை, டிக்கெட் வாங்கியவரைச் சாப்பாடு கேட்டதற்காக யாரும் இறக்கிவிட முடியாது என்று சொன்னோம். ஏஜென்டிடம் கேட்பது வேறு. அங்கே தனியாகக் கேட்காதீர்கள், நான்கு பேராகக் கேளுங்கள், ரசீது கேளுங்கள் என்றோம். எங்கள் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தோம். அவர் அதைப் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு, இந்தச் செய்திகளை எல்லாம் ஒரே தாளின் இரண்டு பக்கத்துக்குள் தமிழில் எழுதிவிட்டோம். ஒரு பக்கத்தில் தாமத விதி: எத்தனை மணிக்கு உணவு, எப்போது விடுதி, கவுன்ட்டரில் எப்படி எழுத்துமூலம் கேட்பது, ஒன்றிய அரசின் ஏர்சேவா தளத்தில் எப்படிப் புகார் செய்வது. மறுபக்கத்தில் ஏஜென்ட் கட்டணம், காப்பீடு, நல வாரியம். எழுத்து பெரிதாக இருக்கிறது. கண்ணாடி இல்லாமலும் படிக்கலாம். தஞ்சை, திருவாரூர் கல்லூரிகளில் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் அடுத்து வெளிநாடு போகிறவர் யார் என்று உங்களுக்கு நிச்சயம் தெரியும். அவர் பெட்டி கட்டும் நாளில் போய், இந்தத் தாளை அவரோடு உட்கார்ந்து ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். வழியனுப்ப வேனில் வருகிறவர்களும் கேட்கட்டும். தாள் வேண்டுமென்றால் எழுதுங்கள், அனுப்பி வைக்கிறோம்.